மலைக்குப் போனாலும் தணியாத சூடு

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து சித்தேரிக்கு மலையேறுகிறவர்களுக்குப் பாதி வழியிலேயே காற்று மாறிவிட்டது தெரியும். கீழே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்; மேலே மர நிழலில் உட்கார்ந்தால் வேர்வை காய்ந்துவிடும். ஆனால் கீழே இரைந்த லேப்டாப் மேலேயும் அப்படியேதான் இரைகிறது. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப்களைத் திறந்துவைத்து ஒரு வீடியோவையும் ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் சுடுகிறது, ஃபேன் கத்துகிறது, அப்புறம் எல்லாமே மந்தமாகிறது. இவ்வளவு குளுமையான இடத்தில் இது எப்படி?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அரூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்தேரி மலைத்தொடரின் உச்சிகள் ஆயிரம் மீட்டரைத் தாண்டுகின்றன. ஆயிரம் மீட்டரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை 6.5 டிகிரி இறங்கும். ஆக, அரூருக்கும் அந்த வீட்டுக்கும் நான்கு டிகிரிதான் வித்தியாசம். கீழே 37 என்றால் மேலே 33. லேப்டாப்பின் சிப் 90 டிகிரியில் கொதிக்கிறது என்றால், அதற்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி கீழே 53, மேலே 57. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. அந்த வகையில் மலைக்கு ஏழெட்டு விழுக்காடு லாபம்.

நஷ்டமும் உண்டு. அதே 650 மீட்டர் ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஆறு விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளுவது ஒரே கொள்ளளவுக் காற்றைத்தான். காற்று லேசாகிவிட்டால் அதே சுற்றில் போகும் காற்றின் நிறை குறையும், அது சுமந்து போகும் வெப்பமும் குறையும். மலை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது ஒன்றிரண்டு விழுக்காடுதான். பல லேப்டாப் நிறுவனங்களின் கையேடுகளில், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். தருமபுரிச் சமவெளியின் கோடைப் பகல்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த ஒரு விஷயத்தில் மலைக்காரர்களுக்கு நிம்மதி உண்டு. மற்றபடி ஊர்க் காற்றை நம்பிப் பயனில்லை. சூடு எங்கே பிறக்கிறது, யார் ஏவிப் பிறக்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

சிப்புக்குள் நடப்பது

மின்சாரம் கம்பியில் ஓடினால் எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1840களில் அளந்து சொன்னார். லேப்டாப்புக்கும் அதே விதிதான். அது இழுக்கும் மின்சாரத்தில் திரையின் வெளிச்சமாகவும் ஒலியாகவும் வைஃபை அலையாகவும் போகும் சிறு பங்கைத் தவிர மற்றதெல்லாம் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. நாம் படித்த கட்டுரை, பார்த்த பாட்டு, போட்ட கணக்கு எல்லாவற்றின் கடைசி மிச்சமும் அந்தச் சூடுதான்.

சிப்பில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அணைந்து எரியும்போது ஒரு துளி மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. இந்த வேலைக்கு ஆகும் திறன், நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்பதற்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். வர்க்கம் என்பதுதான் இதில் முக்கியம். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும்; கொஞ்சம் வேகத்துக்கு நிறையச் சூட்டை விலையாகக் கொடுக்கிறோம். திருப்பிப் போட்டால் இதுவே நமக்குச் சாதகம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, மின்னழுத்தமும் பத்தில் ஒரு பங்கு இறங்கினால், சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

சாதாரண லேப்டாப் சிப்பின் தொடர்ச்சியான செலவு 15 வாட் என்பார்கள். குண்டு பல்பைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 15 வாட்டும் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லில் பிறக்கிறது. ஆயிரம் வாட் தேய்ப்புப் பெட்டியின் அடித்தகட்டை 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட்தான் ஆகிறது. சட்டை தேய்க்கும் தகட்டைப் போல மூன்று மடங்கு வெப்பச் செறிவை, மடியில் வைக்கும் பொருளுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செறிவு கணினித் தொழிலின் போக்கையே ஒருமுறை திருப்பியது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும், ஆகவே சூடு கூடாது என்று ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் 1974-ல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டு அந்தக் கணக்கு பலித்தது. பிறகு கசிவு மின்னோட்டம் குறுக்கே வந்தது. மின்னழுத்தத்தை அதற்கு மேல் இறக்க முடியவில்லை. 2004-ல் இன்டெல் தன் அடுத்த அதிவேக சிப்பைப் பாதியிலேயே கைவிட்டு, ஒரே சில்லில் இரண்டு கோர்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. இன்று நாம் ‘டூயல் கோர்’, ‘குவாட் கோர்’ என்று கேட்டு வாங்குவதற்குக் காரணம் சூடுதான்.

பிறந்த சூட்டை வெளியே கொண்டுபோவது ஒரு செம்புக் குழாய். லேப்டாப்பைத் திறந்தால் சிப்பின் மேலிருந்து ஃபேன் வரை வளைந்து போகும் தட்டையான குழாயைப் பார்க்கலாம். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி தண்ணீரை மட்டும் விட்டிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரிக்காகக் காத்திருக்காமல் மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, ஃபேன் பக்கம் ஓடி, அங்கே குளிர்ந்து, குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். மோட்டார் கிடையாது, தேய்ந்து போகும் பாகமும் கிடையாது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டியபோது விண்கலங்கள்தான் மனதில் இருந்தன. என்னைக் கேட்டால் லேப்டாப்புக்குள் இருக்கும் மிக அழகான பொருள் இந்தக் குழாய்தான். பரிதாபம், சர்வீஸ் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சூடு ஏறிக்கொண்டே போனால், நூறு டிகிரியை ஒட்டி சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘லேப்டாப் ஸ்லோவாயிடுச்சு’ என்று நாம் வைரஸைச் சந்தேகிக்கும் பல நேரங்களில், இயந்திரம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பிரவுசர் ஏவும் வேலை

பிரவுசர் ஒரு காலத்தில் பக்கத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. இப்போது அது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி. 2008-ல் வந்த குரோம், ஒவ்வொரு டேப்பையும் தனித்தனி நிரலாக ஓட்டத் தொடங்கியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கும். 2018 ஜனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்ற சிப் ஓட்டை வெளியானது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் ரகசியத்தைத் திருடிவிடாமலிருக்க, ஒரே பக்கத்துக்குள் வரும் அயல் தளத் துண்டுகளையும் குரோம் அந்த ஆண்டே தனியே பிரித்து வைத்தது. பாதுகாப்புக்கு நல்லதுதான். நினைவகத்தில் சுமார் பத்து விழுக்காடு கூடுதலாகப் பிடித்தது.

இதில் நமக்கு ஒரு உதவியும் கிடைத்தது. குரோமிலோ எட்ஜிலோ ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசருக்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் உழைக்கிறவை மேலே வந்துவிடும். அங்கே 100 என்று தெரிந்தால் ஒரு கோர் முழுவதையும் அந்த ஒரு வரி விழுங்குகிறது என்று பொருள். திறந்திருக்கும் பன்னிரண்டு டேப்களில் பத்துக்கு நேரே பூஜ்யம் இருக்கும். மேலே நிற்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். ‘சப்ஃபிரேம்’ என்று தொடங்கி, நாம் கேள்விப்படாத ஏதோ ஒரு முகவரி எழுதியிருக்கும் வரிகள் பெரும்பாலும் விளம்பரங்கள். நாம் படிக்க வந்தது ஒரு பத்திச் செய்தி. அதைச் சுற்றி ஏழெட்டு விளம்பரப் பெட்டிகள், ஓரத்தில் தானாக ஓடும் வீடியோ, மேலே நகரும் தலைப்பு. திரையில் ஒரு சிறு உருவம் அசைந்துகொண்டிருந்தாலும், வழக்கமான திரை ஒன்றில் நொடிக்கு அறுபது முறை வரை அந்தப் பகுதியைத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது.

வீடியோவின் கதை தனி. சுருக்கி அனுப்பிய வீடியோவை விரிக்க சிப்பில் தனிச் சுற்று உண்டு. அது செய்தால் சூடு குறைவு. ஆனால் அந்தச் சுற்றுக்குத் தெரிந்த முறைகள் மட்டும்தான் அதனிடம் நடக்கும். யூடியூப் இன்று விபி9, ஏவி1 ஆகிய முறைகளில் அனுப்புவதை விரும்புகிறது. அதே தரத்துக்கு டேட்டா குறைவு. இன்டெல் சிப்களில் விபி9-ஐ முழுமையாக விரிக்கும் சுற்று 2016-ல் வந்த ஏழாம் தலைமுறையில்தான் நிலைபெற்றது. ஏவி1-க்கு 2020-ல் வந்த பதினோராம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய லேப்டாப்பில் அந்த வேலையெல்லாம் பொதுக் கோர்களின் தலையில் விழுகிறது.

இது தமிழ்நாட்டுக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த லட்சக்கணக்கான லேப்டாப்களை அரசுப் பள்ளி மாணவர் வீடுகளுக்குக் கொண்டுபோனது. விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அவற்றில் இருந்தது. அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு வந்த அப்படியொரு லேப்டாப்பில், 2020க்குப் பின் எழுதப்பட்ட இணையதளங்கள் ஓடுகின்றன. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அரசு அறிவித்தது. புதியது வரும் வீட்டிலும் பழையதை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

பழைய 14 அங்குலத் திரைகள் பலவற்றில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். மொத்தம் பத்தரை லட்சம். 1080 தரத்தில் வீடியோ பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை விரித்து, பிறகு பாதியைச் சுருக்கித் தள்ளுகிறோம். கண்ணுக்குப் பயனில்லை, சூடு மட்டும் மிச்சம். 480-ல் வைத்தால் நாலு லட்சம்தான். கரும்பலகைப் பாடத்துக்கு அதுவே போதும். யூடியூபிடம் பழைய எச்.264 முறையைக் கேட்டு வாங்கும் நீட்சிகளும் கிடைக்கின்றன. டேட்டா கொஞ்சம் கூடும், சூடு இறங்கும்.

வேறொரு டேப்புக்குப் போய்விட்டால் பின்னால் இருப்பது ஓயும் என்று நினைப்போம். 2017 முதல் குரோம் பின்னணி டேப்களின் வேலையைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் ஒலி எழுப்பும் டேப்புக்கும், சர்வருடன் இடைவிடாத தொடர்பு வைத்திருக்கும் டேப்புக்கும் விலக்கு உண்டு. கேமராவோடு மறைவில் ஓடும் ஆன்லைன் வகுப்பு முழு வேகத்தில்தான் ஓடும்.

திருட்டு வேலையும் நடந்திருக்கிறது. 2017-ல் வந்த ‘காயின்ஹைவ்’ என்ற நிரலை இணையப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், பார்க்க வருகிறவரின் சிப்பைக் கொண்டே மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டலாம். அடுத்த ஆண்டு பிரிட்டனில், பார்வை குறைந்தவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் ஒரு துணைநிரலுக்குள் இதை யாரோ நுழைத்துவிட, அரசுத் தளங்கள் உட்பட, அதைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கான தளங்கள் நாணயம் தோண்டின. ஆந்திர அரசின் சில தளங்களிலும் அதே ஆண்டில் இப்படிப்பட்ட நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டது. அந்த நாட்களில் பலருக்கும் கிடைத்த முதல் துப்பு, ஃபேன் சத்தம்தான்.

மலையில் டேப்பை மூட மனம் வராது

டேப்பை மூடுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். மலையில் இந்த அறிவுரை எடுபடாது, எடுபடாததற்கு நியாயமும் உண்டு. சிக்னல் ஒரு மூலையில் கிடைக்கும், இன்னொரு மூலையில் போய்விடும். அரை நிமிடம் சுற்றிச் சுற்றி வந்த பக்கத்தை யாருக்கு மூட மனம் வரும்? மூடினால் மறுபடி வருமா என்ற பயத்தில் எல்லாம் திறந்தே கிடக்கும். போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்திருந்தால் அதுவும் சுடும்; தூரத்து டவருக்குக் கேட்க வேண்டுமென்று போன் தன் அலையின் பலத்தைக் கூட்டிக்கொள்வதால் வரும் சூடு அது.

இதற்கு வழி, பக்கத்தை மூடாமல் உறையவைப்பது. சிக்னல் இருக்கும்போதே கன்ட்ரோலையும் ‘பி’யையும் அழுத்தி, பிரின்டருக்குப் பதில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டால், கட்டுரை கையில் இருக்கும், அதோடு வந்த நிரல்கள் போய்விடும். ராத்திரி கரன்ட் போன பிறகு பேட்டரியில் படிப்பவருக்கு இது இரட்டை லாபம். விளம்பரத் தடுப்பான் போடுவதும் சூட்டை வெகுவாகக் குறைக்கும். சிறு பத்திரிகைத் தளங்கள் விளம்பரத்தில்தான் சோறு தின்கின்றன என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் என் சிப்பை முழு வேகத்தில் ஓட்டும் விளம்பரத்துக்கு நான் கடன்பட்டவன் என்றும் தோன்றவில்லை.

விண்டோஸில் இன்னொரு பழைய தந்திரம் உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால், பல இன்டெல் லேப்டாப்களில் டர்போ வேகம் நின்றுவிடும். சில நொடிகளுக்கு 15 வாட்டைத் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் பாயும் வேகம் அது. பக்கம் கண் இமைக்கும் நேரம் தாமதமாகத் திறக்கும்; ஃபேன் அடங்கும். சில புதிய மாடல்களில் இந்த வரியை மறைத்துவைத்திருக்கிறார்கள்.

காற்றுப் பாதையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் செய்ய வேண்டியது அதைத்தான். மார்கழிக் குளிரில் கம்பளி மேல் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் அடியில் இருக்கும் காற்று வாயில் அடைபட்டுப்போகும். ஒரு பலகையோ பெரிய நோட்டுப் புத்தகமோ போதும். விறகடுப்புப் புகையும், சாமை புடைக்கும்போது எழும் உமித் தூசியும் உள்ள வீடு என்றால், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் படலம் சேர்ந்திருக்கும். புகையின் பிசுக்கு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது உதிராது. நகத்தால் கிளப்பினால் முழுத் தாளாக உரிந்து வரும். அதற்குப் பின்னால் தகடுகள் புதிதாகப் பளபளக்கும். அந்த இடத்துக்குக் காற்றே போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதும் காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். நான்கைந்து வருடம் ஆன இயந்திரம் என்றால் சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். செம்பு வெப்பத்தைக் காற்றைவிடப் பதினையாயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். நடுவில் முடி அளவு காற்று புகுந்தாலும் அவ்வளவும் வீண். கூலிங் பேட் இதற்கெல்லாம் பிறகுதான். தூசி அடைத்த லேப்டாப்புக்கு அடியில் கூலிங் பேட் வைப்பது காசுக்குக் கேடு. ஃபேனே இல்லாத மலிவு மாடல்களுக்கு மட்டும் அது உண்மையிலேயே உதவும்.

மடியில் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுட்டுப் பொசுக்காத சூடும் நாள்கணக்கில் பட்டால் தோலில் வலைபோன்ற கறுப்புத் தழும்பை உண்டாக்கும். காஷ்மீரில் காங்ரி என்ற கனல் சட்டியை உடையோடு அணைத்துக்கொள்கிறவர்களிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்த தழும்பு அது. 2010-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 12 வயதுச் சிறுவனின் தொடையில் அதைக் கண்டு எழுதினார்கள், காரணம் லேப்டாப். அதைவிட அவசரமானது பேட்டரி. சூட்டில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகிறது. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, சார்ஜில் போடவே கூடாது. நேராகக் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர் லேப்டாப் வைத்திருப்பவர் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சித்தேரியில் ஒரு மாணவி தேர்வு முடிவைத் தெரிந்துகொள்ளத் திறக்கும் பக்கத்தை எழுதியவர், எங்கோ ஏசி அறையில் 16 ஜிபி நினைவகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இயந்திரத்தில் அது நோகாமல் ஓடுகிறது. தமிழில் செய்தித் தளமோ கல்வித் தளமோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் பழைய 4 ஜிபி லேப்டாப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புதிய பக்கத்தை வெளியிடும் முன் அதில் திறந்து, ஐந்து நிமிடம் கழித்து அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.